கோட்டில் உட்காராதவை

எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும் என்கிற கோட்டுக்காரர்கள் என்றோர் இனம் உண்டு. அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், சம்பந்தம் பேசும் இடத்தில் என்று எங்கும் தென்படுவார்கள். ஆனால் கொழுத்து வளர்வது வானியல் ஆய்வுக்கூடங்களில்தான்.

மூன்றாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். சட்டைப்பையில் எந்நேரமும் ஸ்கேல் துருத்திக்கொண்டிருப்பதால் ஸ்கேல் சார் என்றே பெயர். கேலக்ஸிக் கொத்துகளை எடை போடுவது அவர் உத்தியோகம். தராசில் ஏறுகிற சாமானா அது? ஆகவே சூட்டைப் பார்ப்பார். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் கொத்துக்குள் வாயு கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கிறது. எடை கூடக் கூடச் சூடும் கூடும். இரண்டையும் வரைபடத்தில் புள்ளி வைத்தால் நேர்கோடு வரவேண்டும். வராவிட்டால்? கோட்டின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. புள்ளியின் நடத்தைதான் சரியில்லை.

"இது இன்னும் அமைதியாகலை. தூக்கிடு."

இப்படித் தூக்கித் தூக்கி, அறுபது கொத்துகளோடு தொடங்கிய கட்டுரை பன்னிரண்டுக்கு இளைத்தது. அடுத்து அவர் கண் விழுந்த பன்னிரண்டாவது, ஆராய்ச்சி உதவியாளரான பெண் இரண்டு வருஷம் அளந்தது. அது போனால் கட்டுரையில் அவள் பெயரும் போகும்.

"ரெண்டு கொத்து மோதிக்குது சார். அதான் எடைக்கு மீறின சூடு. அதுவே ஒரு விஷயம் இல்லையா?"

"அளந்ததுல தப்பே இல்லம்மா. ஆனா கோட்டுக்கு வெளிய நின்னு வம்பு பண்ணுது பாரு."

"வானம் அப்படித்தானே சார் இருக்கு?"

"வானத்துக்கென்ன, எப்படி வேணா இருந்துட்டுப் போகும். கட்டுரை ஒழுங்கா இருக்கணும்ல."

வீட்டிலும் இதே நீதிதான். "உங்க தம்பி ஏன் நம்ம வீட்டுப் பக்கமே வர்றதில்லைன்னு யோசிச்சீங்களா?" என்று மனைவி கேட்டால், "அவன் கணக்குலயே வரமாட்டான்" என்பார். பாக்கி உறவினர் எல்லாரும் அவர் சொல்லுக்குத் தலையாட்டுகிறவர்கள்.

அந்தப் பெண் சண்டை போடவில்லை. அவர் தூக்கியெறிந்த அத்தனை கொத்துகளையும் பொறுக்கி, தன்னுடையதையும் சேர்த்து, மோதல் எப்படிச் சூட்டைக் கிளப்பிவிடுகிறது என்று தனிக் கட்டுரையே எழுதிவிட்டாள். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஸ்கேல் சார் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா."

அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"நாலே நாலைத் தூக்கிட்டா இதுங்களுக்கும் அழகா ஒரு கோடு வருதே."

"எந்த நாலு சார்?"

முதலில் அவர் விரல் வைத்தது அவளுடையதன் மேல்.

சிரிக்காதீர்கள். இதைப் படிக்கையில் உங்களுக்குத் தெரிந்த பத்துப் பேர் முகம் வந்துபோயிருக்கும். மேலதிகாரி, மாமனார், மாடிவீட்டுக்காரர். அச்சில் வார்த்தது மாதிரி எல்லாரும் பொருந்துகிறார்கள், இல்லையா? நடுவில் ஒருவரை மட்டும், 'அவர் விஷயம் வேறே' என்று சத்தமில்லாமல் தூக்கிவிட்டீர்களே, அது யார்?