ஐந்து நாள் லீவும் என் வெப்ராளமும்

மஸ்கட்டில் இருக்கும் அன்புத் தங்கை பேபிக்கு, குழித்துறையிலிருந்து அக்கா சத்தியபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். நீங்கள் எல்லோரும் அங்கே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து புத்தி சொல்லுவாய். அதனால் சனிக்கிழமை மஸ்கட் வரும் செல்வதாஸ் கையில், நேந்திரங்காய் சிப்ஸோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

"அக்கா, உனக்குப் பிரஷர் கூடியிருக்கு, அஞ்சு நாள் லீவு போடு" என்று நீதானே சொன்னாய்? போட்டேன். பதினெட்டு வருஷமாக ரப்பர் பால் கம்பெனி லேபில் இருக்கிறேன், சேர்ந்தாற்போல் ரெண்டு நாள் லீவு எடுத்ததில்லை. லீவு கிடைத்ததும் வெப்ராளம் பிடித்துக்கொண்டது, ஒரே பதற்றம். அடுத்த வாரத்து வேலையை இந்த வாரமே முடித்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே லேபில் போய் நின்றேன். ஆனால் அடுத்த வாரத்துப் பால் இன்னும் மரத்தில்தானே இருக்கு, அதை எப்படி டெஸ்ட் பண்ண? எனக்குப் பதிலாக நிற்கப்போகும் ஜெனிலாவுக்கு முப்பத்திரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். லீவுக்கு முந்தின நாள் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "போன மாசத்தை விடக் கூடியிருக்கே! நீங்க லீவுக்குப் போறியளா, பரீட்சைக்குப் போறியளா?" என்று கேட்டார்.

உன் அத்தான் என் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காரை எடுத்தார். மூணாரில் ரெண்டு நாள் என்னத்தைப் பார்த்தேன்னே தெரியாது. மலைமேல மேகம் கட்டி கட்டியா நிக்கது. ரப்பர் பாலு திரியாம இருக்க ஊத்துவமே, அந்த நெனப்புல "அம்மோனியா போதல்ல, பால் திரிஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டேன். உன் அத்தான் என் நெத்தியில கை வச்சுப் பாத்தாவ.

மூணாம் நாளு தேயிலை பேக்டரி பாக்கப் போனோம். ஒரு பையன் ஒவ்வொரு மெஷினா வெளக்கிட்டிருக்கான், எனக்கு மூக்குல ரப்பர் கருகுத வாசம். ஏட்டி, எனக்கா ரப்பர் வாசம் தெரியாது? "மெஷின நிறுத்துங்க!"ன்னு ஒரே சத்தம். "சத்தியா, நீ லீவுல இருக்க"ன்னு உன் அத்தான் கையப் பிடிச்சு இழுக்காவ. நான் விடுவனா? மூடியத் திறந்து பாத்தா, பெல்ட் பாதி கருகிப் புகையுது! பக்கத்துல மலை மாதிரி காஞ்ச இலை. கூட வந்தவங்க எல்லாம் கைதட்டுனாவ பாரு, மேனேஜர் ஓடி வந்து ரெண்டு கையும் கூப்பினாரு. அன்னைக்குச் சாயங்காலம் படுத்தவ மறுநாள் பத்து மணிக்குத்தான் கண்ணு முழிச்சேன்! கல்யாணத்துக்குப் பொறகு இப்படி உறங்கினதே இல்ல.

திங்கக்கிழமை, என்னெல்லாம் குளறுபடி ஆச்சோன்னு பயந்துட்டே கம்பெனிக்குப் போனேன். ஜெனிலா நிமிந்து பாத்து, "மேடம், நாளைக்குத்தானே வருவீங்க?"ங்கா. என் லீவு முடிஞ்சதே அவளுக்குத் தெரியல்ல. எல்லா டெஸ்டும் சரி. என் குறிப்புல ரெண்டு பக்கம் படிச்சிட்டு தலை சுத்துதுன்னு மூடிட்டாளாம். மெஷின் ஓட்டுத வைகுண்டராஜன் அண்ணன் பத்து நிமிஷத்துல எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டாராம்! பாத்ரூம்ல போய் கொஞ்சம் அழுதேன், மறைக்கல்ல. பொறகு பாத்தா சிரிப்பா வருது. நான் இல்லாட்டாலும் பால் திரியாது, கேட்டியா! காலை டெஸ்ட அவகிட்டயே கொடுத்துட்டேன். இப்போ அஞ்சு மணிக்கு டாண்ணு வீட்டுல நிக்கேன். நேத்து பிரஷர் நார்மல்!

இனி வேலை வேற, நான் வேற. நீ சொன்னதுக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். உங்க வேலைக்கும் உறக்கத்துக்கும் கர்த்தர் காவல் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் அக்கா சத்தியபாய்

பின்குறிப்பு: கவர் ஒட்டப்போகும்போது மூணார் மேனேஜர் கூப்பிட்டாரு. பார்வையாளர் நோட்டுல என் நம்பரப் பாத்தாராம். மாசம் ரெண்டு ஞாயிறு வந்து மெஷினெல்லாம் மோந்து பாத்துச் சொல்ல முடியுமான்னு கேட்டாரு. சரின்னுட்டேன். உன் அத்தான்கிட்ட, "இன்னொருக்க மூணார் போவமா?"ன்னு மட்டுந்தான் கேட்டிருக்கேன். மனுஷன் சந்தோஷத்துல பாட்டுப் பாடிக்கிட்டே சட்டைக்கு இஸ்திரி போடுகாவ. நீ ஒண்ணும் சொல்லிராத.