சமர்கந்தில் உன் மாமி

விருத்தாசலம்,
செப்டம்பர் 2005

ஷார்ஜாவில் ஏசிக் காற்றில் வாசம் செய்யும் அன்பு மருமகன் முபாஷிருக்கு, உன் தாய்மாமன் முகம்மது கனி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நான் நலம். உன் மாமி பதுருன்னிசா என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நலம், காரணம் கீழே வருகிறது. இனி நான் சொல்லப்போவதை இந்த ஊரில் ஒரு ஜீவன்கூட நம்பவில்லை. நீயும் நம்ப மாட்டாய் என்று முதலிலேயே எழுத்துமூலம் உறுதியளிக்கிறேன்.

இமாம் புகாரி அடக்கத்தலத்தை ஜியாரத் செய்யப்போன கூட்டத்தோடு, ஷார்ஜாவுக்கு வந்திருந்த என்னை நீதான் பிளேன் ஏற்றிவிட்டாய். சமர்கந்தில் இறங்கினேன். ரெஜிஸ்தான் சதுக்கத்தில் மூன்று மதரஸாக்கள், பந்தியில் கோபித்துக்கொண்ட மூன்று சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் நீல ஓடுகளைப் பார்த்து வெட்கப்பட்ட வானம் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டது. நமக்குத்தான் ஆயுசு முழுக்க செராமிக் வேலையாயிற்றே, கை சும்மா இருக்குமா? விரிசல் இருக்கிறதா என்று கோப்பையைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுவரில் ஓடு ஒன்றை விரலால் தட்டினேன். விசில் ஊதிக்கொண்டு காவல்காரன் ஓடி வந்தான். "வெடிப்பு இல்லப்பா, நல்லாத்தான் வெந்திருக்குது" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் முன்னோர்களைப் பாராட்டியது புரிந்துவிட்டது, ஒரு ரொட்டி கொடுத்தான். பெண்ணாடம் கரும்பு டிராக்டரின் பின்சக்கரம் அளவு. பாதியை ஜமாத்தே தின்றது, மீதியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு புகாரா போனோம். வழியில் ஒரு முலாம்பழத்தை இரண்டு ஒட்டகங்கள் இழுத்துப்போயின. அதில் ஒன்று தன்னைப் படம் பிடித்தால்தான் நகருவேன் என்று படுத்துக்கொண்டது. புகாரா மினாராவின் உச்சி கேமராவுக்குள் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தேன், நடந்தேன், கீவா நகரமே வந்துவிட்டது. கீவாவை நான் பார்த்தது அப்படித்தான்.

இத்தனை படத்தையும் ஊருக்குக் கொண்டுவந்து ஜங்ஷன் ரோட்டு ஸ்டூடியோ கொளஞ்சியிடம் கழுவக் கொடுத்தேன். அவன் படங்களை ஒரு கையிலும் தலையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பாய், ஊருக்குப் போனது நீங்களா, பாயம்மாவா?"

பார்த்தால், ரெஜிஸ்தான் நடுவில் உன் மாமி பிரியாணி கிண்டுகிறாள். நீலக் குவிமாடம் அவள் தலையில் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. புகாரா மினாரா நிழலில் நின்று நம் குர்பானி ஆட்டைத் திட்டுகிறாள். நடந்தது இதுதான்: ஹஜ்ஜுப் பெருநாளன்று வீட்டில் எடுத்த சுருளையும் ஷார்ஜாவில் கழுவலாமென்று பையில் வைத்திருந்தேன். "எடுத்து முடிஞ்ச சுருளோட நுனிய மடிச்சு வச்சிருங்க மாமா, புதுசோட கலந்துரும்" என்று கேமரா கொடுத்தபோதே நீ படித்துப் படித்துச் சொன்னாய். மறந்து தொலைத்தேன். அதே சுருளில், பெருநாள் படங்களின் மேலேயே சமர்கந்தும் ஏறிவிட்டது. படம் பிடித்தவன் நான் என்பதால் ஒன்றில்கூட என் மூஞ்சி இல்லை.

படங்களைப் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து மாமியின் சிநேகிதி சொர்ணாம்பாள் வந்தாள்.

"என்னா பாயம்மா, வெளிநாடு போயிட்டு வந்திருக்கீங்க, ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்ற அளவுக்கு என்னா இருக்குது. கூப்புட்டாங்க, போனேன்."

"முட்டி வலிக்குதுன்னு சேத்தியாத்தோப்புக்கே வரமாட்டன்னீங்க?"

"அங்கெல்லாம் சமதரை."

"சரி, கரண்டி எதுக்கு?"

"அவங்க கரண்டியில நம்ம பிரியாணி வருமா?"

"பாய் படத்துலயே இல்லியே?"

"அவரு வூட்டுலதான் இருந்தாரு. வூட்டப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமுல்ல."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் மருமகனே, டீ கிளாஸோடு. இப்போது பெண்ணாடத்திலிருந்து டிராக்டர் வைத்து வந்து மாமியிடம் சமர்கந்துக் கதை கேட்கிறார்கள். நான் டிராக்டர் சக்கரம் என்ற ரொட்டி, அவள் வாயில் மணிமுத்தாறு அகலம் ஆகிவிட்டது. நாற்பது வருஷமாகப் பொய் சொன்னேன், ஊரே வாய் பிளந்து கேட்டது. ஒரே ஒருதரம் நிஜமாகப் போய்வந்தேன், நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே, கனி மாமாவைப் பிளேன் ஏற்றியது நான்தான் என்று உன் கம்பெனி சீல் குத்தி ஒரு சாட்சிக் கடிதம் உடனே அனுப்பு. இங்கிலீஷில் எழுது, அப்போதுதான் நம்புவார்கள்.

உன் ரூமில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சலாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் அதைவிட நீண்ட லீவையும் தருவானாக.

இப்படிக்கு,
சமர்கந்து கண்டான் முகம்மது கனி

பின்குறிப்பு: சாட்சிக் கடிதம் வேண்டாம். ரொட்டி, முலாம்பழம், ஒட்டகம், கீவா எல்லாம் ஊருக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டிய கதை. உண்மை ஒன்றுதான், அதுவும் சின்னது. புறப்படும்போது உன் மாமி, "முட்டி மட்டும் நல்லா இருந்தா நானும் வந்திருப்பேன்" என்றாள். சதுக்கத்தில் நின்று பைக்குள் கைவிட்டு நான் எடுத்த பெருநாள் சுருளின் நுனி மடிந்துதான் இருந்தது. நானே நீவி நேராக்கிக் கேமராவில் போட்டேன்.