பின் சீட்டைக் கழற்றியவர்

விட்டதைப் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இருபது வயதில் எதையோ ஒன்றை நன்றாகச் செய்திருப்பார்கள். பிறகு கல்யாணம், வேலை, வாடகை வீடு, தொப்பை என்று ஒவ்வொன்றாக வந்து அதை மறக்கடித்திருக்கும். நாற்பத்தைந்தாவது வயதில் ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அது ஞாபகம் வரும். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இருக்காது.

இந்த இனத்தில் நான் முதலில் சந்தித்தவர் இன்பசேகரன். சந்தித்தேன் என்பதைவிட, அவர் என்மேல் விழுந்தார் என்பதே சரி. 1979-ல் ஒரு காலை, கோரிப்பாளையம் முக்கில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். பஸ் நின்றது, ரிக்‌ஷா நின்றது, நானும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றேன். பக்கத்தில் பழைய புல்லட்டில் இருந்த ஒருவர் மட்டும் காலை ஊன்றாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எங்கேயோ நிலைகுத்தவிட்டு, அசையாமல் இருந்தார். பிறகு அசைந்தார். பிறகு என் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டு படுத்தார். படுத்தபடியே கேட்டார்:

"தம்பி, எம்புட்டு நேரம் நின்னேன்?"

"அஞ்சு செகண்டு இருக்கும் சார்."

"ஏழு," என்றார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பட்டாளத்தில் தபால் வண்டி ஓட்டிய காலத்தில் அவர் 'ட்ரையல்ஸ்' போட்டியில் கோப்பை வாங்கியவர். அது வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, மணல் என்று மனிதன் நடக்கவே யோசிக்கிற இடத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு மைனஸ், விழுந்தால் ஐந்து. இருபது வருஷம் கழித்து அதற்குத் திரும்புகிறார். அதற்காகத்தான் வீட்டுக் கொல்லையில் வைத்துத் தம் கையாலேயே வண்டியை மாற்றிக்கொண்டிருந்தார்.

மாற்றியது என்றால் என்ன நினைத்தீர்கள்? விளக்கைக் கழற்றினார், ஹாரனைக் கழற்றினார், மட்கார்டைப் பாதியாக வெட்டினார், தண்ணீர்க் குழாயை வளைத்து ஹேண்டில்பார் செய்தார், சைலன்ஸரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி இரண்டு பேண்ட்டைப் பொசுக்கினார், மனைவி தேடிக்கொண்டிருந்த அலுமினியத் தட்டைச் செயினுக்கு மூடியாக்கினார். பாறையில் மெதுவாக ஏற வேண்டுமென்று பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டதில் வண்டி நத்தையாகி, ரோட்டில் பால்காரரின் சைக்கிள் மணியடித்து வழி கேட்டது. கடைசியாக, கனம் குறைய வேண்டும் என்று பின் சீட்டையும் கழற்றினார்.

அங்கேதான் வந்தது வினை. அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்துதான் அவர் மனைவி ஜோசபின் டீச்சர் தினமும் வண்டியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது இரண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்.

"வண்டியில பதினஞ்சு கிலோ குறைச்சிட்டீக. சந்தோஷம். உங்க மேல எம்புட்டுக் குறைச்சீக?" என்று கேட்டார் டீச்சர். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வாடிப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் நடக்கும் போட்டியில், ஐந்து கட்டமும் சேர்த்துப் பத்து மைனஸுக்குள் முடித்தால் சீட்டு பரணில் கிடக்கலாம். பதினொன்றானால் மறுநாளே வண்டியில் ஏறிவிட வேண்டும்.

எங்கள் வம்சத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். அதனால் எங்கே போனாலும் என் கையில் யாராவது ஒரு நோட்டைக் கொடுத்துவிடுவார்கள். போட்டியை வேடிக்கை பார்க்கப் போன இடத்திலும் மைனஸ் குறிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த இனத்தாருக்கு மைனஸ் போடுவது லேசு என்று நினைக்காதீர்கள்.

"மாப்ள, அது கால் இல்ல, செருப்பு," என்றார் இன்பசேகரன். அதற்குள் நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு அண்ணன் என்று ஆகியிருந்தது.

"செருப்புக்குள்ள கால் இருந்துச்சேண்ணே?"

"நானா ஊணினேன்? பாறைதான வந்து தொட்டுச்சு!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சீனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏய்யா, இம்புட்டுப் பாடு எதுக்கு? இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாம்ல?"

"தள்ளினா அஞ்சு போயிரும் ஆத்தா."

"அஞ்சு போனாப் போகட்டும். இடுப்பு போயிட்டா?"

நாலு கட்டம் முடிந்தபோது சரியாகப் பத்து. கடைசிக் கட்டம் ஒரு சரிவுப் பாறை. டீச்சர் குடையை மடக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

இன்பசேகரன் ஏறினார். சும்மா சொல்லக்கூடாது, அழகாக ஏறினார். தொப்பை எங்கே போனதென்று தெரியவில்லை. வண்டி முனக, முன்சக்கரம் கல்லுக்குக் கல் மோந்து பார்த்து வழி தேட, அவர் நின்றவாக்கில் அப்படியும் இப்படியும் சாய்ந்து போனபோது சீனியம்மாள்கூட ஆட்டை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். உச்சிக்கு ஒரு முழம் இருக்கையில் இடது கால் நுனி பாறையைத் தொட்டது. ஒரே ஒரு தட்டு. ஏறிவிட்டார்.

பேனாவைத் திறந்தேன்.

"கால் படலை," என்றார் டீச்சர்.

"டீச்சர், நான் பாத்தேன்..."

"நானும்தான் பாத்தேன். படலை. நல்லாத்தான் போனாரு. எழுதாதீக தம்பி." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேலே வேர்த்து விறுவிறுத்து நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

காலை முதல் ஒவ்வொரு மைனஸுக்கும் வக்கீல் வைக்காத குறையாக வாதாடிய மனிதர், அதைக் கேட்டுக்கொண்டே இறங்கி வந்து என்ன செய்தார் தெரியுமா? மனைவிமேல் பாய்ந்தார். "யாருக்கு வேணும் உன் இனாம் மார்க்கு? ஊணினேன். எழுது மாப்ள, பதினொண்ணு!"

எழுதினேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் நரம்பறுந்த பேட்மிண்டன் மட்டையோ, காற்றுப் போன ஹார்மோனியமோ இருந்தால், நாளைக் காலை பல் விளக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பின் சீட்டு மறுநாளே ஏறிவிட்டது. பல்சக்கரத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லாததால் அது அப்படியே இருந்தது. அதனால் இருவரும் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள்.