சாக்கில் இருப்பது இளவரசி

சேசு மரி சூசை துணை

தலத்தெரு, காரைக்கால்
24-5-1979, வியாழன்

பெருமதிப்பிற்குரிய ‘குட்டிக்கரணம்’ சிறுவர் மாத இதழ் ஆசிரியர் அவர்கள் சமுகத்திற்கு, நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தராயிருந்து ஓய்வுபெற்ற ஞா. சந்தனசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சுக்கூடத்து ஆட்களும், அரக்கனுக்கு அவ்வளவு பெரிய பல் வரைகிற அந்த ஓவியரும் சர்வேசுரன் கிருபையால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இவ்விடம் யாவரும் சுகம் என்று அடுத்து எழுதுவதுதான் முறை. உங்கள் மே மாத இதழின் பதினேழாம் பக்கம் அதை எழுத விடவில்லை.

ஐயா, எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. சிறுவர் இதழ் இவனுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் மாயாஜாலக் கதைகளின் அடியில் கட்டம் கட்டி ‘இக்கதையின் நீதி’ என்று ஒரு வரி போடுகிறீர்களே, அதற்காகத்தான் வாங்குகிறேன். முதலில் நீதியைப் படிப்பேன். நீதி நன்றாயிருந்தால் மேலே போய்க் கதையைப் படிப்பேன். பறக்கும் கம்பளம், பேசும் கிளி இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கிளி என்ன பேசினாலும் கடைசியில் பேராசை கூடாது என்று வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் நன்றாக வரும். இந்த நீதிகளை நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறவனும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை கொடுப்பதுபோல ஒரு நீதியும் வாசித்துத்தான் அனுப்புவேன். அந்தப் பழக்கம்தான் என் ஒரே மகள் ஜெயமேரியின் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

பெண்ணுக்கு நெரவியில் மாப்பிள்ளை பார்த்தோம். பெயர் செல்வநாதன். உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். தகப்பனார் பிலோமின்ராஜ் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர், குரல் மட்டும் நான்கு வயல் தாண்டிக் கேட்கும். நிச்சயம் பேச எல்லோரும் வந்தார்கள், ஆட்டுக்கறி குருமாவோடு சாப்பாடு போட்டோம், மாப்பிள்ளை கறியை மெல்லவே இல்லை, அப்படியே விழுங்கினார், அதை நான் அன்றே குறையாகக் கவனித்து வைத்தேன், வெளியே சொல்லவில்லை. தேதி குறித்தாயிற்று, பேச வேறு ஒன்றும் இல்லை, எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்கள். சரி, ஒரு நீதி வாசிப்போம் என்று உங்கள் இதழை எடுத்தேன். பதினேழாம் பக்கம், ‘பூசணிக்குள் இளவரசி’. கீழே பார்த்தால் நீதியைக் காணோம். பக்கத்தின் அடிப்பாகத்தையே காணோம். மறுபக்கத்தில் சோப்புக் கம்பெனிக் கூப்பன் இருந்ததாம், அனுப்பினால் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி இலவசமாம், என் மனைவி சகாயம்மாள் கத்தரிக்கோலால் வெட்டித் தபாலில் போட்டுவிட்டாள். நீதி பம்பாய்க்குப் போய்விட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நீதி இல்லாவிட்டால் என்ன, கதையை வாசிங்க சம்பந்தி, நீதியை நாமே எடுத்துக்கலாம் என்றார் பிலோமின்ராஜ். வாசித்தேன். உங்கள் கதைதான், ஆனாலும் ஞாபகப்படுத்துகிறேன். சூனியக்காரி ஒருத்தி இளவரசியைப் பூசணிக்காயாக்கி விடுகிறாள். பொய்யே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கும் ஓடக்காரன் முத்தழகன் அவளைச் சாக்கில் போட்டு, ஏழாவது மலையில் இருக்கும் முனிவரிடம் தூக்கிக்கொண்டு போகிறான். மூன்றாவது மலையில் அரக்கன் மறிக்கிறான். ‘சாக்கில் என்னடா?’ என்கிறான். இந்தப் புத்திசாலி, ‘பூசணிக்காய் உருவத்தில் இருக்கும் இளவரசி ஐயா’ என்கிறான். ‘அப்படியா, நான் இளவரசி தின்று நெடுநாளாயிற்று’ என்று அரக்கன் ஒரே விழுங்காக விழுங்கிவிடுகிறான். முத்தழகன் வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடி நடக்கிறான். அத்தோடு கத்தரிக்கோல்.

இதில் நீதி என்ன, நீங்களே சொல்லுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்பதுதானே? பூசணிக்காய் என்று நிறுத்தியிருந்தால் அதுவும் பொய்யில்லையே! நான் இதைச் சொல்லி வாய் மூடவில்லை, பிலோமின்ராஜ் எழுந்து நின்றுவிட்டார். “அது எப்படிங்க சம்பந்தி? பொண்ணே போனாலும் உண்மையைப் பேசுன்னு கதை சொல்லுது. நீங்க தலைகீழாச் சொல்றீங்களே!” என்றார். “பொண்ணு போனா யாருக்குங்க போச்சு? பொண்ணைப் பெத்தவன்கிட்ட கேளுங்க” என்றேன் நான். மாப்பிள்ளை மட்டும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அடக்கம் என்று அப்போது நினைத்தேன். அவர் அடக்கமாக இல்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார் ஐயா. உரக்கடைக்கு வந்த ஒருவர், “தம்பி, இந்த மூட்டையைப் போட்டா நல்லா விளையுமா?” என்று கேட்க, இவர், “மழை பேஞ்சா இது போடாமயே விளையுங்க, பேயலன்னா இது போட்டாலும் விளையாதுங்க” என்றிருக்கிறார். கடை முதலாளி வைத்தியலிங்கம் நல்ல மனுஷர், வேலையை விட்டு எடுக்கவில்லை, யாரும் எதுவும் கேட்க முடியாத குடோனுக்குள் அனுப்பி மூட்டை எண்ண வைத்திருக்கிறார். எனக்குச் செய்தி வந்தபோது நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் நின்றது நின்றதுதான்.

அதற்குள் கல்யாண ஓலை வந்துவிட்டது. எங்களவர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்வார். எனக்குத் தெரிந்து இத்தனை வருஷத்தில் யாரும் வாய் திறந்ததில்லை. முதல் ஓலை வாசித்து முடித்தார், ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து, “சாமி, எனக்கு ஒரு தடை தெரியுங்க” என்கிறார். கோயிலே திரும்பிப் பார்க்கிறது. நம்ம மாப்பிள்ளை. “யார் பேர்ல தடை?” என்றார் சாமியார். “மாப்பிள்ளை பேர்லங்க.” “மாப்பிள்ளையே நீதானேப்பா?” “ஆமாங்க சாமி, அதனாலதான் எனக்கு நல்லாத் தெரியும்.”

பொண்ணு வீட்டில் காட்டிய போட்டோவில் முன்தலையில் இருக்கும் முடி அவருடையது இல்லையாம், ஸ்டூடியோக்காரர் பென்சிலால் போட்டதாம். ராத்திரி குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுப் பசுமாடு எழுந்து நின்றுகொள்கிறதாம். தவளை என்றால் பயமாம், மழைக்காலத்தில் கொல்லைக்குப் போக ஆள் துணை வேண்டுமாம். சாமியார் இதெல்லாம் திருச்சபைச் சட்டப்படி தடை ஆகாது, உட்காருப்பா என்றார். “சட்டத்துக்கு இல்லீங்க சாமி, அவங்களுக்குத் தெரியணும்ல” என்று பெண்கள் பக்கம் கை காட்டினார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். ஜெயமேரி முக்காட்டுக்குள் சிரித்ததாகச் சகாயம்மாள் பிறகு சொன்னாள்.

தொத்து வியாதி போலாகிவிட்டது. இரண்டாம் ஓலை முடிந்த அன்று சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சகாயம்மாள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, “அன்னிக்கு நீங்க சாப்பிட்டது எம்மக வச்ச குருமா இல்லீங்க. அடுத்த வீட்டு மெஹர் பானு வச்சது. எம்மகளுக்கு வெந்நீர் மட்டும் நல்லா வைக்கத் தெரியும்” என்கிறாள்! பிலோமின்ராஜுக்கு இது போதாதா? “பாத்தீங்களா சம்பந்தி! எங்க பக்கம் தலைமயிர் வரைக்கும் சொல்லிட்டோம். உங்க பக்கம்தான் குருமாவை மறைச்சிருக்கீங்க!” என்று எழுந்தார். நானும் எழுந்தேன். மூன்றாம் ஓலையை நிறுத்திவிடுவேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பார்த்தால் வாய் தவறவில்லை, உண்மையாகவே நிறுத்தத்தான் தோன்றுகிறது. யார் கேட்டாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஆளை நம்பி என் ஒரே பெண்ணை எப்படி அனுப்புவேன்? வழியில் எத்தனை அரக்கன் மறிப்பானோ?

கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் குஞ்சம்மாளிடம்கூட அபிப்பிராயம் கேட்டேன். கூடையை இறக்காமலே கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “கூடையில என்னான்னு கேட்டா மீனுன்னு உண்மையைச் சொல்லிடுவேங்க. நேத்து மீனான்னு கேட்டாத்தான் யோசிப்பேன்” என்றாள். அன்று நான் வாங்கியது நேற்றைய மீன் என்று மத்தியானம் தெரிந்தது. கடைசியில் ஜெயமேரியையே கேட்டேன். “அவன் உண்மை சொன்னது தப்பில்லப்பா. சொல்றதுக்கு முன்னாடி பூசணிக்காயை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், அதான் தப்பு” என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “தலையில முடியில்லன்னு யாருப்பா கல்யாணத்துக்கு முன்னாடி சொல்றாங்க? இவங்க சொன்னாங்கள்ல” என்றாள். வெந்நீர் பொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது இரு வீட்டாரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்திருக்கிறோம். ஆசிரியர் என்ன நீதி அச்சிட்டாரோ அதுவே தீர்ப்பு. உண்மையே பேசு என்று இருந்தால் நான் மூன்றாம் ஓலைக்குத் தலையாட்டி, குருமா விஷயத்துக்குப் பிலோமின்ராஜிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். வாயை அடக்கு என்று இருந்தால் அவர்களே மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். ஆகவே இக்கடிதம் கண்டதும் அந்த ஒரு வரியைத் தந்தியில் அனுப்பவும். ஞாயிறு முதல் பூசைக்கு முன் வந்துவிட வேண்டும். ஒருவேளை என்ன நீதி போட்டோம் என்று தங்களுக்கே மறந்திருந்தால், ‘கேட்பவன் யாரென்று பார்த்துப் பேசு’ என்ற வாசகம் அடக்கமாகவும் அழகாகவும் இருக்கும் என்பது என் தாழ்மையான யோசனை. வற்புறுத்தவில்லை. இங்கே கருவாடு நயமாகக் கிடைக்கும் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் இதழ் மேலும் மேலும் விற்கவும், தங்கள் அரக்கர்களுக்கெல்லாம் நல்ல புத்தி உண்டாகவும், தங்கள் இல்லத்தார் நீடூழி வாழவும் அன்னை மரியாளை மன்றாடும்,

தங்கள் நீதிகளின் வாசகன்,
ஞா. சந்தனசாமி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை எழுதுவது. தந்தி வேண்டாம். இக்கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பேருந்து நிலையத்தில் பத்திரிகை விற்கும் நூகு கடைப்பக்கம் போனேன். ஜூன் இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்தால் ‘பூசணிக்குள் இளவரசி, சென்ற இதழ்த் தொடர்ச்சி’ என்று போட்டிருக்கிறது! அடப்பாவி மனுஷா, கதையே முடியவில்லையா? பம்பாய்க்குப் போன துண்டில் இருந்தது நீதி இல்லை, ‘தொடரும்’ தானா? பாதிக் கதைக்கா நாங்கள் இரண்டு குடும்பமும் மல்லுக்கட்டினோம்?

நின்ற இடத்திலேயே படித்தேன். அந்த அரக்கனுக்குப் பூசணிக்காய் ஆகாதாம், வெறும் பூசணிக்காய் என்றால் உதைத்துச் சிதறடித்திருப்பானாம். இளவரசி என்று சொன்னதால்தான் விழுங்கினான், முழுசாக விழுங்கப்பட்டால்தான் சாபம் தீருமாம், அவனுக்கு ஒரு விக்கல் வந்து இளவரசி கிரீடத்தோடு வெளியே குதித்துவிட்டாள், முத்தழகனையே கட்டிக்கொண்டாள். சரி, இவ்வளவுக்கும் நீதி என்ன என்று கீழே பார்த்தால், ‘உணவை நன்றாக மென்று தின்ன வேண்டும்’ என்று கட்டம் கட்டியிருக்கிறீர்கள். ஐயா, அவன் மென்று தின்றிருந்தால் இளவரசி கதி என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

நீதி எனக்கும் சாதகமில்லை, பிலோமின்ராஜுக்கும் சாதகமில்லை. கதை மட்டும் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்துவிட்டது. இது நெரவிக்குப் போகக் கூடாது என்று கடையில் இருந்த பிரதி அத்தனையையும் வாங்கினேன். “பெரியவருக்குப் பேரப்புள்ளைங்க நெறைய போலிருக்கு” என்றார் நூகு. “இனிமேதான்” என்று வாய் தானாகச் சொல்லிற்று. எல்லாவற்றையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஜெயமேரி வாசலில் குறுக்கே நின்றாள்.

“சட்டைக்குள்ள என்னாப்பா?”

வயிற்றுப் பொருமல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால், ராத்திரி முழுக்க அழுதிருப்பாள் போலிருக்கிறது, கண் வீங்கியிருந்தது. “இளவரசிம்மா” என்றேன். வாங்கிப் படித்தாள். சிரித்தாள். பிறகு, “ஓலையை நிறுத்திடுவீங்களாப்பா?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்றேன். அது உண்மை, இப்போதுதான் உண்மையாயிற்று.

ஆகவே மேலே எழுதியது முழுவதையும் ரத்து செய்துவிட்டு, இதையே கல்யாண அழைப்பாகக் கொண்டு குடும்பத்தோடு வரவும். குருமா மெஹர் பானுதான் வைக்கிறாள், யார் கேட்டாலும் சொல்லப்போகிறோம். இன்னும் ஒன்று. மாப்பிள்ளை கறியை மெல்லாமல் விழுங்கினார் என்று மேலே ஒரு குறை எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரியை மட்டும் அடித்துவிடவும். என் பெண் பிழைத்துக்கொள்வாள்.