உங்கள் அக்காவின் முழங்காலுக்கு ஒரு ஜிக்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாம் சுகம், உங்கள் அக்காவின் வலது முழங்கால் நீங்கலாக.

முதலில் நல்ல செய்தி. முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரி டூல் ரூமில் ஜிக் செய்தவன் நான். ஜிக் என்றால் என்னவென்று எத்தனையோ தடவை உங்களுக்கு விளக்கியிருக்கிறேன், நீங்களும் அத்தனை தடவையும் கொட்டாவி விட்டிருக்கிறீர்கள். இரும்புத் துண்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்து, வெட்டவேண்டிய இடத்தில் மட்டும் வெட்டு விழும்படி பிடித்துக்கொடுக்கிற கருவி அது. அதே ஜிக்கைத்தான் இப்போது ஆஸ்பத்திரியில் உங்கள் அக்காவின் எலும்புக்குச் செய்கிறார்கள். முழங்காலை ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்திலிருந்து எலும்பை மேடுபள்ளத்தோடு கம்ப்யூட்டரில் உருவாக்கி, அந்த மேடுபள்ளத்தில் மட்டுமே உட்காருகிற ஜிக்கை பிளாஸ்டிக்கில் அச்சடித்து எடுக்கிறார்கள். முழங்கால் மாற்று ஆபரேஷன் அன்று டாக்டர் அதை எலும்பின்மேல் வைத்தால் போதும், ரம்பம் போகவேண்டிய வழி தயார். வேறு யார் காலிலும் அது உட்காராதாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் முதல் ஸ்கேனே கோணலாகிவிட்டது. காலோடு சேர்த்து ஒரு நேரான கம்பியைக் கட்டிவைத்துத்தான் படம் எடுக்கிறார்கள். ஜிக் வடிவமைக்கிற இன்ஜினியர் பெண் படத்தைக் காட்டினாள். பார்த்தால் கம்பி நடுவில் வளைந்திருக்கிறது. எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நேரான கம்பிக்கா பஞ்சம் என்று, அன்று மாலையே வீட்டிலிருந்த எஃகுக் கம்பி ஒன்றைத் தேய்த்து, கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்து, துணியில் சுற்றி, மறுநாள் அவள் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள்: "எங்க கம்பி நேராத்தான் சார் இருக்கு. படம் எடுக்கிறப்ப காலும் கம்பியும் சேர்ந்து அசைஞ்சிருக்கு. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் கம்பியே வைக்கிறோம். அம்மா ஏன் அசைஞ்சாங்கன்னு ஏதாவது தெரியுமா?"

பின்னால் நாற்காலியில் இருந்த உங்கள் அக்கா, "அவருக்கு எப்படித் தெரியும்? அவர்தான் ஸ்கேன் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடிக்கிட்டு இருந்தாரே" என்றாள். நான் எங்கே ஆடினேன்? அசையாதே, அசையாதே என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன். இவருக்கு என்ன ஆயிற்றோ என்று அவள் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது என்னை மருந்துக்கடை வரிசையில் நிறுத்திவிட்டார்கள், வாங்க ஒரு மருந்தும் இல்லாமலே.

இரண்டாவது படம் அம்சமாக வந்தது. ஜிக்கும் தயாராகிவிட்டது. நோயாளிக்கு விளக்குவதற்கென்று எலும்பின் மாதிரி ஒன்றும் ஜிக்கின் மாதிரி ஒன்றும் அச்சடித்திருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி இரண்டையும் வீட்டுக்கு வாங்கி வந்தேன். வைத்தால் டக்கென்று உட்காருகிறது மாப்பிள்ளை, காகிதம் நுழைய இடமில்லை. இதை எப்படி ஒருத்தனே ரசிப்பது? வாட்ச்மேனுக்குக் காட்டினேன், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவருக்குக் காட்டினேன், மாடி வீட்டு டீச்சருக்குக் காட்டினேன். அந்த அம்மா எலும்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், இவ்வளவா தேஞ்சுபோச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டார். உள்ளே இருந்து உங்கள் அக்கா வந்தாள். "என் எலும்பைப் பார்க்காதவங்க இந்தத் தெருவுல இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?" என்றாள். அதோடு சரி. மூன்று நாளாக ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். அவள் பயந்துவிட்டாள், எனக்கு நன்றாகத் தெரிகிறது. இதை விட்டால் இனி சம்மதிக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர, கீழே இறங்கி நாலு மாதமாகிறது. சமையலறையில் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்று பாத்திரம் கழுவுகிறாள், நான் பார்த்தால் மட்டும் நேராக நிற்கிறாள். எனக்கு இம்மியளவும் பயமில்லை. ஜிக் செய்தவனுக்கு ஜிக்கின்மேல் நம்பிக்கை இருக்காதா? ஆனால் என் பேச்சு எடுபடவில்லை. தம்பி சொன்னால் கேட்பாள். உடனே புறப்பட்டு வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல முழங்கால்களோடு நூறாண்டு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது இன்ஜினியர் பெண் போன் செய்தாள். உங்கள் அக்கா போன வாரமே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். கூட இருப்பவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதியிருக்கிறாளாம். போய்க் கேட்டேன். "எனக்கென்ன பயம்? உங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு. ஒரு வாரமா தூக்கத்துல என் காலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறீங்க. உங்ககிட்ட அந்தப் பேச்சைப் பேசினா, உங்க பயத்தைப் பார்த்து நான் அழுதுருவேன்னுதான் எழுந்து போனேன்" என்றாள். அவள் சொல்வது உண்மைதான். ஆகவே அவளுக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம். புதன்கிழமை அவளை நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தங்கச்சியையும் அழைத்து வாருங்கள். அன்றைக்கு என்னை வீட்டில் தனியாக விடக்கூடாது என்பது உங்கள் அக்காவின் உத்தரவு.