காதால் பார்ப்பவர்

வீட்டில் எந்த யந்திரம் முனகினாலும் அவர் முதலில் செய்வது ஆள்காட்டி விரலை உயர்த்துவதுதான். இருபத்திரண்டு வருஷமாக அவர் மனைவி அதைப் பார்த்து வருகிறாள். விரல் எழுந்தால் வீடு ஊமையாகிவிட வேண்டும். வாயில் போட்ட கவளத்தைக்கூட மெல்லக் கூடாது. தலையைக் கோழிபோல் சாய்த்து, கண்ணை மூடி, மூன்று எண்ணும் நேரம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"பேரிங்."

மிக்ஸியா? பேரிங். மின்விசிறியா? பேரிங். எதிர்வீட்டுக்காரர் தொடர்ந்து இருமியபோதுகூட அந்த விரல் பாதி எழுந்து தயங்கியதை அவள் கண்டிருக்கிறாள்.

வாசகர்களே, இவரைத் தனி மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். இது ஓர் இனம். காதால் பார்க்கும் இனம். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கியர் மாற்றும்போதெல்லாம் தன் பல்லைப் பிடுங்குவது போல முகம் சுளிப்பவர் இந்த இனம். டாக்டர் மார்பில் குழாயை வைத்தால், "நானும் ஒரு தடவை கேட்டுக்கிறேனே" என்று கை நீட்டுபவர் இந்த இனம். இவர்கள் எதையும் திறந்து பார்க்க மாட்டார்கள். திறந்து பார்ப்பது காது இல்லாதவன் செய்யும் வேலை. தெருவில் இவருக்குச் செவிச்செல்வர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு பழைய கார் வேறு இருந்தால் கேட்க வேண்டுமா? அவரைவிடப் பத்து வயது மூத்த கார். முன்னால் நீள மூக்கு, பின்னால் சோபா மாதிரி ஒரே இருக்கை, சாவி மக்கர் செய்தால் சுற்றிவிட இரும்பு ஹேண்டில். அந்தக் கார் சில மாதங்களாகக் காலையில் கிளப்பியதும், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல முன்பக்கம் கலகலத்தது. அவர் விரலை உயர்த்தினார். டேப்பெட் என்றார், சரிசெய்தார், கலகலத்தது. வாட்டர் பம்ப் என்றார், மாற்றினார், கலகலத்தது. டைனமோ பேரிங் என்றார். பேரிங்கை விட்டு எத்தனை நாள்தான் தள்ளியிருக்க முடியும்? அதையும் மாற்றினார். கார் இன்னும் உற்சாகமாகக் கலகலத்தது.

இந்த நேரத்தில்தான் மனைவியின் அக்கா படியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பிலிருந்து குதிகால் வரை மாவுக்கட்டு. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விடுவதாகச் சொல்லிவிட்டார்கள். தனிக்கட்டையான அக்கா ஆறு வாரம் தங்கை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. ஆனால் மடங்காத காலை எந்த டாக்சியில் நீட்டுவது? ஆம்புலன்ஸ் என்றதுமே அக்கா தொலைபேசியில் சீறினாள்.

"அதுல வந்து இறங்கினா உன் தெருவே துக்கம் விசாரிக்க வந்துடும். உங்க காரோட பின்சீட்டு இருக்கில்ல? அது போதும். உன் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கிட்டே நிக்காம ஓட்டிக்கிட்டு வரச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் முனைக்கடை மெக்கானிக்கை அழைத்தார். வந்தவர் அதிகம் பேசாத ஆள். சாவியைக் கேட்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். ஹேண்டிலைப் போட்டு என்ஜினை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை அசைத்தார். கீழே அச்சு அசைந்தும், மேலே கழற்றிய மூடிக்கடியில் இருந்த ரோட்டர் என்ற சுழலி தூங்கிவிட்டுத் தாமதமாகத் திரும்பியது.

"டைமிங் செயின் தொங்கிப்போச்சு சார். என்ஜினுக்குள்ள மேல் பல்சக்கரத்தையும் கீழ் பல்சக்கரத்தையும் ஒரே தாளத்துல வச்சிருக்கிறதே அதுதான். மாத்திடணும்."

"ஸ்டார்ட் பண்ணிக் கேக்கவே இல்லையேப்பா நீ?"

"எதுக்கு சார்? கண்ணுல தெரியுதே."

போச்சு. சத்தமே கேட்காமல் ஒருவன் நோயைச் சொல்வதா? பாடகரைப் பார்த்து, உங்கள் வாயசைவிலேயே சுருதி தெரிந்துவிட்டது என்று சொன்னது போல அவர் முகம் கறுத்தது. மெக்கானிக் போனதும் மனைவியிடம் சொன்னார்: "நான் மனசுல நினைச்சதைத்தான் அவனும் சொல்றான். இதுக்கு அவன் எதுக்கு? நானே மாத்திடுறேன்."

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு இறங்கினார். மனைவிக்கு டார்ச் பிடிக்கும் வேலை. தண்ணீரை வடித்து, ரேடியேட்டரை இறக்கி, பெல்ட்டையும் புல்லியையும் கழற்றி, முன்மூடியைத் திறந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள். மேலே பெரிய பல்சக்கரம், கீழே சின்னது, நடுவில் நைந்த பாவாடை நாடா மாதிரி தொளதொளவென்று செயின். என்ஜினைச் சுற்றியபோது பெரிய சக்கரத்தில் ஒரு புள்ளியும் சின்னதில் ஒரு புள்ளியும் நேருக்கு நேர் வந்து நின்றன.

"என்னங்க, அது என்ன புள்ளி?"

"கம்பெனிக்காரன் வச்ச திருஷ்டிப் பொட்டு. டார்ச்சை ஆட்டாதே."

புதுச் செயினை மாட்டும்போது அது இறுகியிருந்தது. சக்கரத்தை உள்ளே தள்ள ஸ்பேனரால் ஒரு நெம்பு நெம்பினார். சரக்கென்று இறங்கியது. அந்த நெம்பில் கீழ்ப்புள்ளி ஒரு பல் விலகி, மேல்புள்ளியோடு சண்டை போட்டுக்கொண்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் பார்த்தாள். வாயைத் திறந்தாள். விரல் உயர்ந்தது. அவர் புதுச் செயினைச் சுண்டி, அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீணை மாதிரி இருக்கு!" என்றார். மூடியைப் போட்டு முறுக்கிவிட்டார்.

சாயங்காலம் எல்லாம் பூட்டி, தண்ணீர் ஊற்றிக் கிளப்பினார். கலகலப்பு இல்லை. உண்மை. அதற்குப் பதிலாக என்ஜின் விக்கியது, தும்மியது, கார்புரேட்டர் வழியாகப் படாரென்று ஒரு வெடி வெடித்து நின்றது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நான்கு தலைகள் முளைத்தன.

"கார்புரேட்டர்," என்றார் கண்ணை மூடியபடி.

மனைவி ஜன்மத்தில் யாரையும் மறுத்துப் பேசியவள் இல்லை. கடைக்காரர் அழுகிய தக்காளியைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வருகிறவள். ஆனால் அக்காவின் படுக்கைக்குப் புது உறை போட்டாகிவிட்டது. தலையணை மூன்று அடுக்கியாகிவிட்டது. நாளை பதினோரு மணிக்கு அவள் அந்த நீட்டிய காலோடு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அந்த ரெண்டு புள்ளியும் முன்னாடி எதிரெதிரா இருந்துச்சுங்க. இப்ப இல்ல."

"என்ஜின் பேசுறது எனக்குக் கேக்குது. உனக்கு என்ன தெரியும்?"

"கேக்கத் தெரியாது. பாத்தேன்."

அவர் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்கினார். அவள் டார்ச்சை மெதுவாகத் தரையில் வைத்தாள்; செருப்பை மாட்டினாள்; முனைக்கடைக்கு நடந்தாள். மூன்று ஆண்கள் நின்ற பட்டறையில் நுழைய அவளுக்குக் கால் கூசியது. நுழைந்தாள். மெக்கானிக் அப்போதும் என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

"என்னம்மா பாத்தீங்க?" என்றுதான் கேட்டார்.

அவள் ஒரு அட்டையில் இரண்டு வட்டமும் இரண்டு புள்ளியும் போட்டுக் காட்டினாள். அவர் சிரித்தார்.

"ஒரு பல்லு தள்ளியிருக்கு. நல்லவேளை, ஒண்ணோட போச்சு; இன்னும் தள்ளியிருந்தா உள்ள வால்வு இடிச்சு வளைஞ்சிருக்கும். விடிஞ்சதும் வரேம்மா. அதுவரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க."

"அவர் கேக்க மாட்டாரே."

"அப்ப சாவியை எடுத்து வச்சுக்குங்க."

எடுத்து வைத்துக்கொண்டாள். ஹேண்டிலையும்தான்.

சனிக்கிழமை காலை மறுபடி தண்ணீர் வடிந்தது; ரேடியேட்டர் இறங்கியது; மூடி திறந்தது. புள்ளி அவள் சொன்ன இடத்தில் முகம் திருப்பி நின்றது. மெக்கானிக் செயினை எடுத்து, புள்ளிகளை நேருக்கு நேர் நிறுத்தி, மாட்டிய பின் ஹேண்டிலால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி சந்திக்கின்றனவா என்று பார்த்து, டார்ச்சை அவளிடம் நீட்டினார்: "நீங்களும் பாத்துடுங்க." அவள் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மூடியைப் போட்டார். பத்தேகாலுக்கு என்ஜின் பூனை போலக் குறுகுறுத்தது.

செவிச்செல்வர் என்ன சொன்னார் என்கிறீர்களா? தோற்றுப்போனார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை.

"நேத்தே எனக்குக் கேட்டுச்சு. அந்த வெடியில ஒரு பல்லு குறைஞ்சுது."

மெக்கானிக் கையைத் துடைத்தார். அவள் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. தகர டப்பாவில் ஆணி குலுங்குவது போல என்று நான் எழுதினேனே, மெக்கானிக் வருவதற்கு வெகு முன்னால். அந்த இடத்திலேயே, "அது டைமிங் செயின்தான்" என்று உங்களில் யாராவது முணுமுணுத்தீர்களா? அவராவது காரின் பக்கத்தில் நின்று கேட்டார். நீங்கள் அச்செழுத்தைப் படித்தே நோயைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் டார்ச் பிடிப்பவர் யார் என்று கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. இப்போது கம்பூன்றி நடக்கிறாள். கார் ஓடுகிறது. பானெட்டை அவர் திறப்பதாக இருந்தால் மனைவியைக் கூப்பிடுகிறார். எதற்கு என்று மட்டும் சொல்வதில்லை.