கீழே படுத்திருக்கும் சின்னோன்

"ஓமம்மா, சின்னோனைக் கீழை ஷெல்லரிலை படுக்க வைச்சிருக்கிறன். இருட்டுத்தான். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அசைக்கக் கூடாது."

மருமகன் நிதுசன் பேர்கனில் இருக்கும் தன் தாயோடு கைபேசியில் கதைத்தது, குளியலறைக்குள் நின்ற யோகலிங்கத்துக்குத் தெளிவாகக் கேட்டது. சவரக்கத்தி தாடையிலேயே நின்றுவிட்டது.

"நல்ல உடம்பு. கழுத்து மட்டும் கொஞ்சம் நனைஞ்சு கிடக்கு. பூஞ்சணமோ? பூஞ்சணம் பிடிச்சால்தானம்மா இனிமை வரும்."

தாயும் கூட்டு.

யோகலிங்கம் முப்பது வருடம் ஒஸ்லோவில் பஸ் கழுவியவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வானிலை அறிக்கையைக்கூட ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துத்தான் நம்புவார். மகள் ஆரபிக்கு இந்த நிதுசனைப் பேசியபோது தனிப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். சின்னோன் என்றால் வீட்டில் இளையவன். தனிப்பிள்ளைக்கு ஏது இளையவன்?

மருமகனில் அவருக்கு முதலே சந்தேகம். பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் வைனை மணந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஒருநாள் ஒரு வெள்ளை வைனை மணந்துவிட்டு, "பூனை மூத்திர வாசம், அருமை" என்றான். அப்படிப்பட்டவன் எதையும் செய்வான்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம். வீடு கிடைக்கும்வரை பிள்ளைகள் ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் இவர்களோடுதான் இருந்தார்கள். ஆதாரமில்லாமல் வாயைத் திறந்தால் மகள் கோபித்துக்கொண்டு போய்விடுவாள். திறக்காவிட்டால் ஒருநாள் மகளும் கீழே படுப்பாள்.

மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் வேலைக்குப் போனபின், யோகலிங்கம் ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு கட்டடத்தின் அடியில் இருந்த ஷெல்லருக்கு, நிலவறைக்கு, இறங்கினார். அங்கே வீட்டுக்கொரு கம்பிவலை அறை. இவர்களுடைய அறைக்குத் திறப்பு இரண்டுதான்: ஒன்று அவரிடம், மற்றது மருமகனிடம்.

கோடைகால டயர்களுக்குப் பின்னால் நின்றது நிதுசனின் மரப்பெட்டி. ஆள் உயரம். பூட்டுப் போட்டிருந்தது. கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி. குனிந்து பார்க்க அவருடைய முழங்கால் விடவில்லை.

மெல்லத் தட்டினார். உள்ளே "ணிங்" என்று ஏதோ அசைந்தது.

"தம்பி, பயப்பிடாதையும். நான் ஆரபியின்ரை அப்பா."

தட்டைக் காலால் இடைவெளியோடு தள்ளி வைத்துவிட்டு, வந்ததை விட வேகமாக மேலே வந்தார்.

அடுத்த நாள் போனபோது சோறு இல்லை. எலி என்றால் தட்டை நக்கியிருக்கும். இது கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நல்ல வளர்ப்பு" என்று யோகலிங்கம் மனம் நெகிழ்ந்தார். நிலவறையில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை.

அன்று இரண்டாவது தட்டை வைத்தார். குளிர் எலும்பைத் தொட்டது. பாவம், பொடியன் விறைத்துப் போவான். பழைய மின்சார ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். டயரில் இருந்தபடி அரை மணி நேரம் தன் பஸ் கதையெல்லாம் சொன்னார்.

மேலே வந்ததும் மனைவி புஷ்பராணியிடம் சொன்னார்:

"பருப்புக்கு உப்புக் காணாதாம்."

புஷ்பராணி அகப்பையைக் கீழே வைத்தாள். "காணாதாமோ? மூண்டு மாசத்திலை மருமேனுக்கு வாய் நீண்டிட்டுது. நேரிலை சொல்லப் பயம், மாமாவைத் தூது விடுறாராக்கும்!"

யோகலிங்கம் அதைத் திருத்தாமல் வெளியே நழுவினார். நிலவறை விஷயத்தைச் சொன்னால் அவளுக்குப் பிறஷர் ஏறும்.

அன்று பின்னேரம் நிதுசனின் தட்டில் மட்டும் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. ஒரு வாய் வைத்தவனுக்குக் கண் கலங்கியது. நல்ல பிள்ளை, சமாளிக்கப் பார்த்தான்.

"மாமி, இது... மஸ்கடே மாதிரி இருக்கு. கடற்கரைப் பக்கம் விளையிற வைன். லேசா உப்புக் கரிக்கும். செத்த ஈஸ்டுக்கு மேலை மாசக்கணக்கிலை வைச்சிருப்பினம்."

"என்ரை சோறு உமக்குச் செத்த சாமானோ?"

"அம்மா! அவர் புகழுறாரம்மா!" ஆரபி எழுந்துவிட்டாள். "போதும். சனிக்கிழமை நாங்கள் பேர்கனுக்குப் போறம்."

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி. மார்கழி மாதம், வெளியே ஏற்கெனவே இருட்டு. பயணப் பெட்டிகளை எடுக்கப் பிள்ளைகள் கீழே வருமுன் ஆதாரத்தை வெளியே எடுத்துவிட யோகலிங்கம் பூட்டைப் பெயர்க்கத் திருப்புளியோடு முந்திக்கொண்டார். ஹீட்டரை முழுச்சூட்டுக்குத் திருப்பினார். இத்தனை நாள் படுத்தவன், கை கால் சூடாகினால்தானே நடப்பான்.

பூட்டில் கை வைத்தார்.

"டமார்!"

பெட்டி குலுங்கியது. இன்னொரு வெடி. பிறகு, கதவின் அடியால் சிவப்பாக, வெதுவெதுப்பாக, அவருடைய செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"ஐயோ! சின்னோன் செத்துப்போனான்! ஓடி வாங்கோ!"

மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். நிதுசன் பூட்டைத் திறந்தான். உள்ளே தட்டுத் தட்டாகப் போத்தல்கள் படுத்திருந்தன. பாதி உடைந்துவிட்டது. ஹீட்டரைப் பார்த்தவன் தலையில் கை வைத்தபடி டயரில் இருந்துவிட்டான்.

"சினோன் ஆளில்லை மாமா. பிரான்ஸிலை லுவார் ஆத்துப் பள்ளத்தாக்கிலை ஒரு ஊர். கபெர்னே ஃபிராங்க் எண்ட கறுப்பு முந்திரிகையிலை செய்யிற சிவப்பு வைனுக்கும் அதுதான் பேர். நான் வைன் படிப்புச் சோதனை பாஸானதுக்கு அம்மா வாங்கித் தந்தவ."

"அப்ப வெடிச்சது?"

"அது ஷெனின் பிளாங். வெள்ளை முந்திரிகை. அந்த ஒண்டிலையே புளிப்பு வைனும் வரும், இனிப்பும் வரும், நுரைக்கிறதும் வரும். நுரைக்கிறதுக்குச் சூடு காட்டினால் வெடிக்கும். பக்கத்திலை கிடந்த சினோனையும் உடைச்சுப்போட்டுது."

"கழுத்து நனைஞ்சது?"

"போத்திலின்ரை கழுத்து."

"பூஞ்சணம்?"

"முந்திரிகைக்கு மாமா. பூஞ்சணம் பிடிச்சுச் சுருங்கினால் தேன் மாதிரி வைன் வரும்."

"அந்தப் பூனை மூத்திரம்?"

"அதே ஆத்திலை இன்னும் மேலை விளையிற சோவினியோன் பிளாங் முந்திரிகையின்ரை வாசம்."

முதலில் சிரித்தவள் ஆரபி. சிரித்துச் சிரித்து அப்பாவின் தோளில் சாய்ந்தாள். பேர்கன் பயணம் அந்தச் சிரிப்பிலேயே நின்றது. புஷ்பராணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"தம்பி, நானும் பிழை விட்டிட்டன். உப்புக் காணாதெண்டு நீர் சொன்னதுக்கு அப்பிடி அள்ளிக் கொட்டியிருக்கக் கூடாது."

"நானோ? நான் அப்பிடிச் சொல்லவேயில்லை மாமி."

சிரிப்பு நின்றது. பெட்டியின் காலடியில், சிவப்புப் படாத இடமாகப் பார்த்து, இரண்டாவது தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

புஷ்பராணி மெல்லக் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உப்புக் காணாதெண்டு உங்களுக்கு ஆரப்பா சொன்னது?"